நான்கு மூலைச் சால்வை: ஒரு கைத்தறிக் கடைக்காரரின் குறிப்புகள்

யூதர்கள் காலைத் தொழுகையில் போர்த்திக்கொள்ளும் சால்வையைத் தல்லித் என்கிறார்கள். பார்வைக்கு அது இரு தலைப்பிலும் கோடு போட்ட வெள்ளைத் துணிதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால், இருவேறு சரக்குகளைச் சேர்த்து வாங்குகிறோம் என்பது தெரியவரும். முதலாவது துணி, அதில் பருமன், நிறம், கோடு, மென்மை என்று உடுத்துபவரின் விருப்பத்துக்கு நிறைய இடம் உண்டு. இரண்டாவது, அந்தத் துணியின் நான்கு மூலைகளிலும் துளையிட்டுக் கோத்து முடிச்சிட்ட நூல். அதை யார் நூற்றார்கள், என்ன எண்ணத்தோடு நூற்றார்கள், யார் கட்டினார்கள் என்பவையே அங்கு முதன்மையான கேள்விகள். அழகு பிறகுதான் வரும். துணியைத் தொட்டுப் பார்த்தே எடைபோட்டுப் பழகிய எனக்கு முதல் பாதியில் சிரமம் இருக்கவில்லை. இரண்டாம் பாதியை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் கைத்தறித் துணி விற்பவனுக்கு இந்த விவகாரம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரோவில் பக்கம் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் பிரெஞ்சு அம்மையார் ஒருவர் எங்கள் கடையின் வாடிக்கையாளர். வேட்டியும் படுக்கை விரிப்பும் எங்களிடம்தான் வாங்குவார். தம் மகனுக்கு 13 வயது நிறையப்போகிறது என்றும், "தறியில் நெய்த தல்லித் ஒன்று செய்து தர முடியுமா, அண்ணா?" என்றும் கேட்டார். அந்த வயதில் யூதச் சிறுவன் சமயக் கடமைகளுக்குத் தானே பொறுப்பேற்கிறான். பார் மிட்ஸ்வா என்று அதைக் கொண்டாடுகிறார்கள். இஸ்ரேலிலிருந்து வரவழைத்தால் நூல் கட்டிய நிலையில் ஆயத்தமாகவே வரும், வேலையும் மிச்சம். ஆனால் மகன் பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்றி நெய்த துணியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. என் தாய்மாமனுக்குக் குறிஞ்சிப்பாடியில் தறி இருக்கிறது. ஆகவே ஒப்புக்கொண்டேன்.

இதன் மூலம் விவிலியத்தில் இருக்கிறது. எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் நம் பகுதிக் கிறித்தவர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். இஸ்ரவேலர் தங்கள் ஆடைகளின் ஓரங்களில் தொங்கல்கள் அமைக்க வேண்டும், அவற்றில் நீல இழை ஒன்று இருக்க வேண்டும், அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டளைகளை நினைவுகூர வேண்டும் என்று அங்கே சொல்லப்படுகிறது. உபாகமம் 22ஆம் அதிகாரம் அந்த ஓரங்கள் நான்கு என்று குறிப்பிடுகிறது. எபிரேயத்தில் ட்சிட்சித் எனப்படும் அந்தத் தொங்கல், இதனால் நான்கு மூலை உள்ள ஆடைக்கு உரியதாயிற்று. சட்டைக்கும் கால்சட்டைக்கும் அப்படி மூலைகள் இல்லாததால் கட்டளை அவற்றைத் தொடாது. கட்டளை கைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதற்காகவே, தேவையில்லாவிட்டாலும், நான்கு மூலைத் துணியைத் தேடி உடுத்துகிறார்கள். இதை மாமாவிடம் விளக்கியபோது, வேட்டியும் துண்டுமாக இருக்கும் ஊரில் பிறந்திருந்தால் அவர்களுக்கு இந்தக் கவலையே வந்திருக்காது என்றார்.

ஆடை இரு வகை. தல்லித் கட்டான் என்னும் சிறியது, நடுவில் தலை நுழையத் திறப்புடன் முன்னும் பின்னும் தொங்கும். சட்டைக்குள் நாள் முழுவதும் அணிவார்கள். பக்கவாட்டில் பாதிக்கு மேல் திறந்திருந்தால்தான் அதற்கு நான்கு மூலை உண்டென்று கொள்ளப்படும் என்பதால், இருபுறமும் தைத்து மூடிவிட்ட பனியனில் நூல் கட்டிப் பயனில்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மெல்லிய பருத்தியோ வலைத்துணியோதான் ஏற்றது. கம்பளியில் வாங்கினால் பையன் கழற்றி எறிந்துவிடுவான். அந்த அம்மையார் அதை வெளிநாட்டிலிருந்தே வரவழைத்துக்கொள்கிறார். எனக்கு அதில் வேலை இல்லை. எங்களிடம் கேட்டது பெரியதை, அதாவது தல்லித் கடோலை. 'அதைப் பாருங்கள்' என்று வசனம் சொல்வதால் தொங்கல் பகல் வெளிச்சத்துக்குரியது என்று கொண்டு, பெரிய சால்வையைக் காலைத் தொழுகையில்தான் போர்த்துவார்கள். யோம் கிப்பூர் நோன்பு தொடங்கும் மாலையில் மட்டும் விதிவிலக்காக இரவிலும் அது தோளில் இருக்கும்.

என்ன இழையில் நெய்வது என்பதே முதல் கேள்வி. ஸஃபேத் நகரில் வாழ்ந்து 1575இல் மறைந்த யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்னும் சட்ட நூலின்படி, ஆட்டுக் கம்பளிக்கும், ஆளிச்செடி நாரில் நெய்யும் லினனுக்கும் தொங்கல் கட்டுவது நேரடியாக வேதக் கட்டளை; பருத்தி முதலியவற்றுக்கு அது பிற்கால அறிஞர்கள் விதித்த கடமை. போலந்தின் கிராக்கோவைச் சேர்ந்த மோசே இசர்லெஸ் அதே நூலுக்கு எழுதிய குறிப்பில், எந்த இழையானாலும் கடமை ஒன்றே என்கிறார். இவர் வழியைப் பின்பற்றுபவர்கள் அஷ்கெனாசிகள் எனப்படும் நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். காரோவின் வழியில் நடப்பவர்கள் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய இடங்களில் வேர்கொண்ட செபார்டிகள். எந்த வழியில் நின்றாலும் கம்பளி வாங்கினால் ஐயத்துக்கு இடமில்லை என்பதால், கடைகளில் விற்கும் தல்லித்துகளில் கம்பளியே முதலிடம் பெறுகிறது. அது மடிப்பு விழாமல் தோளில் கனமாக நிற்கும் என்பது துணிக்காரனாக நான் சேர்க்கும் காரணம். ஆனால் சித்திரை மாதத்துப் புதுச்சேரியில், மின்சாரம் போன காலைப்பொழுதில், அதைப் போர்த்தி நிற்பது எளிதல்ல. பையனின் தாத்தா பழைய அஷ்கெனாசி மரபினர். பேரன் அன்றாடம் போர்த்துவானா, அலமாரியில் வைப்பானா என்று பார்த்துப் பருத்தியே சரி என்று அவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

பருத்தி என்றவுடன் ஒரு கண்ணி காத்திருக்கிறது. கம்பளியும் லினனும் ஒரே ஆடையில் சேரக்கூடாது என்று உபாகமம் தடுக்கிறது. ஷாட்நெஸ் என்பது அந்தத் தடையின் பெயர். கம்பளியும் பருத்தியும் சேரலாம். பருத்தியும் லினனும் சேரலாம். கம்பளியும் லினனும்தான் ஆகாது. மூலையில் கோக்கும் நூல் பெரும்பாலும் கம்பளியாக இருக்கும், ஏனென்றால் லினன் தவிர எந்தத் துணிக்கும் கம்பளி நூல் செல்லும் என்பது விதி. ஆகவே துணியில் இம்மியளவு லினன் இருந்தாலும் அந்தக் கம்பளி நூலைக் கட்ட முடியாது. இன்றைக்குச் சட்டைத் துணியிலிருந்து சேலை வரை லினன் கலப்புக்கு நல்ல மவுசு. பல கடைகளில், எங்கள் கடையிலும்தான், 'லினன்' என்று பெயரிட்டு வருவதில் பாதி பருத்திக் கலவை; வெறும் பருத்திக்கு லினன் தோற்றம் கொடுத்து விற்பதும் உண்டு. சொரசொரப்பான கை நயத்தை வைத்து இது இன்னதென்று உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது. ஆகவே மில்லின் கோன் சீட்டு உள்ள 80ஆம் நம்பர் பருத்தி நூலாகவே எடுத்து, பாவு என்னும் நெடுக்கிழை, ஊடை என்னும் குறுக்கிழை இரண்டுக்கும் அதையே ஓட்டச் சொன்னேன். மூலையில் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணியிலும், தைக்கும் நூலிலும்கூட லினன் இருக்கக்கூடாது என்பதால் தையற்காரரிடமும் நூற்கண்டைக் கையில் கொடுத்தே அனுப்பினேன்.

அளவைப் பற்றி யூதச் சட்ட நூல்கள் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தனியாகக் கடைத்தெருவில் நடமாடத் தெரிந்த ஒரு சிறு பிள்ளையின் தலையையும் உடலின் பெரும்பகுதியையும் மூடும் அளவாவது துணி இருக்க வேண்டுமாம். இன்றைய கடைகளில் 45, 50, 55, 60, 70 என்று எண் வைத்து விற்கிறார்கள். 50 என்பது ஏறத்தாழ 120 செ.மீ. அகலமும் 170 செ.மீ. நீளமும் கொண்டது, 60 என்பது ஏறத்தாழ 140க்கு 190. நிறுவனத்துக்கு நிறுவனம் சில அங்குலங்கள் மாறும். நடுத்தர உயரமுள்ள ஆண்கள் பலர் 55, 60 எண்களை வாங்குகிறார்கள். எங்களுக்குத் தறியே அளவைத் தீர்மானித்தது. மாமாவின் தறியில் 48 அங்குலச் சேலைக்கான அச்சு பூட்டியிருந்தது. அதில் 50ஆம் எண் தாராளமாக அடங்கும். பையன் வளர்ந்தபின் சிறிதாகிவிடுமே என்று அம்மையார் தயங்கினார். வளர்ந்தபின் வேறொன்று நெய்துகொள்ளலாம், இப்போது தரையில் புரளும் சால்வையைச் சுமந்து நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார். மூலைநூல் தரையில் இழுபடுவதை அவமதிப்பாகக் கருதுகிறார்கள் என்பதால் அந்த அறிவுரை பொருத்தமாகவே அமைந்தது.

அரை மீட்டர் அகலத்தில் கழுத்தைச் சுற்றி இருபுறமும் தொங்கவிடும் வகையும் உண்டு. அமெரிக்கச் சபைகளில் அது பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது. அங்கவஸ்திரம் போலத் தோளில் கிடக்கும் அதைப் போர்த்துவது என்று சொல்ல முடியாது. தல்லித் போர்த்தும்போது சொல்லும் வாழ்த்துரையோ தொங்கல்களில் போர்த்திக்கொள்வதைப் பற்றியே பேசுகிறது. மரபில் ஊன்றிய யூத குருமார்களான ரப்பிகள் அந்த ஒடுக்கமான வகையை விரும்பாததற்கு அதுவே காரணம். நெசவுக்கு எளிது, இலாபமும் அதில் அதிகம். இருந்தும் என்னைக் கேட்டால் அகலமானதையே எடுக்கச் சொல்வேன்.

கோடுகளுக்கு வருகிறேன். நம் வேட்டியில் கரை நீளவாக்கில் ஓடும். பாவிலேயே நிற நூலைப் பூட்டிவிட்டால் பிறகு கவனிக்க வேண்டியதில்லை. தல்லித்தில் கோடுகள் குறுக்கே, இரண்டு தலைப்புகளையும் ஒட்டி வருகின்றன. போர்த்தும்போது நீளப்பக்கம் தோளின் மேல் கிடையாகப் படுவதால், நெய்யும்போது குறுக்கே இருந்த கோடு உடலில் நெடுக்காக நிற்கும். அதாவது ஒவ்வொரு கோட்டுக்கும் ஊடை நூல் சுற்றிய தாரை நாடாவில் மாற்ற வேண்டும், ஊடையின் எண்ணிக்கையைக் கையால் கணக்கு வைக்க வேண்டும், மறு தலைப்பில் அதே கணக்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். மாமா ஒரு தலைப்பை முடித்ததும் தென்னோலை ஈர்க்கில் கோட்டின் அகலங்களைக் கீறி வைத்துக்கொண்டு, மறு தலைப்பில் அந்த ஈர்க்கைத் துணிமேல் வைத்துவைத்து அளந்தார். அஷ்கெனாசிகளிடம் கறுப்புக் கோடு அதிகம். செபார்டிகள் பலரிடம் வெள்ளைமேல் வெள்ளை. நீலக் கோடும் பழையதே, இஸ்ரேலியக் கொடியின் இரண்டு நீலப் பட்டைகள் தல்லித்திலிருந்து வந்தவைதான். கோட்டின் நிறத்துக்குச் சட்டம் எதுவும் இல்லை. வெள்ளைமேல் வெள்ளையை முறுக்கிய இரட்டை இழையில் நெய்தால் வெளிச்சம் பட்டால் மட்டும் தெரியும் அழகு கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பையனுக்குக் கறுப்புதான் வேண்டுமாம், தாத்தாவுடையது அப்படித்தான் இருக்கிறதாம். கறுப்பே நெய்தோம்.

கழுத்தருகே நீளப்பக்கத்தின் நடுவில் தைக்கும் பட்டைக்கு அதாரா என்று பெயர். எது மேல்பக்கம் என்று காட்டுவதற்கும், துணி கழுத்தில் தேயாமல் இருப்பதற்கும் அது உதவும், கட்டாயம் இல்லை. சிலர் அதில் வாழ்த்துரையைப் பின்னல் வேலையாகச் செய்கிறார்கள், சிலர் வெள்ளித் தகடுகள் பதிக்கிறார்கள். எழுத்து வேண்டாம் என்பது என் கருத்து. எபிரேயம் அறியாத பூத்தையல்காரர் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் பிரித்துத் தைக்க முடியாது, போடவும் மனம் வராது. எங்கள் சால்வைக்குக் கறுப்பு இழையோடிய எளிய பட்டை வைத்தோம்.

இனி நூல். சால்வையின் இரண்டு தலைப்புகளிலும் வரிசையாகத் தொங்கும் குஞ்சங்களைப் பார்த்து அவைதான் புனிதமானவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை வெறும் அலங்காரம். நம் துண்டுகளில் இருப்பதைப் போலவே பாவின் மிச்சம். கணக்கில் வருபவை நான்கு மூலைகள் மட்டுமே. மாமா பாவு முனையை ஒரு சாண் நீளம் விட்டிருந்தார். அதையே முறுக்கி மூலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டால் தனியாக நூல் வாங்கும் செலவு ஏன் என்று கேட்டார். நெசவாளர் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான், தல்மூத் என்னும் பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் அறிஞர்களும் அதை எழுப்பியிருக்கிறார்கள். துணியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் இழைகளைக் கொண்டு செய்த தொங்கல் செல்லாது என்பது அவர்களின் தீர்ப்பு. தொங்கலை ஒருவர் முனைந்து செய்ய வேண்டும்; தானாக ஏற்கெனவே இருப்பதைத் தொங்கல் என்று அறிவித்துவிட முடியாது. இதே காரணத்தால் வேலையின் வரிசையும் மாறக்கூடாது. துணி முழுமையாகி, நான்கு மூலையும் அமைந்து, துளையும் போட்ட பின்பே நூலைக் கோக்க வேண்டும்.

அந்த நூல் பிறக்கும்போதே, இந்தக் கடமைக்காக நூற்கிறேன் என்ற எண்ணத்தோடு நூற்கப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு உயர்ந்த கம்பளி நூலானாலும், வேறு பயனுக்காக நூற்றது உதவாது. ஆகவே நூல் பொட்டலத்தை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரப்பிகளின் சான்று முத்திரை; நூலின் வெண்மையும் பளபளப்பும் அதன் பிறகு. கையால் நூற்றது, இயந்திரத்தில் நூற்றது என இரு தரம் கிடைக்கும். இயந்திரத்தை அந்த எண்ணத்தோடு ஒருவர் இயக்கினால் போதும் என்பவர்கள் உண்டு, எண்ணம் விரலில்தான் இருக்க முடியும் என்று கைநூலையே நாடுபவர்களும் உண்டு. கைநூல் விலை கூடுதல். சில வேளைகளில் நான்கு மூலைக்கான நூல் துணியின் விலையைத் தாண்டிவிடும். கதர் விற்பவனாகிய எனக்கு அந்த விலை வியப்பாக இல்லை. பிரித்துப் பார்க்கும்போது முறுக்கைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் பல இழைகள் சேர்த்து முறுக்கியதாக இருப்பதால், நுனியில் சிறு முடிச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் முறுக்கு அவிழ்ந்து, நூல் எது, இழை எது என்றே தெரியாமல் பஞ்சாகிவிடும்.

நீல இழையைப் பற்றி எழுதாமல் புதுச்சேரிக்காரன் எவனும் இந்தப் பேச்சை முடிக்க மாட்டான். வேதம் சொல்லும் அந்த நீலத்துக்குத் தெகேலத் என்று பெயர். அது கடல் நத்தை ஒன்றிலிருந்து கிடைத்தது. இடைக்காலத்தின் தொடக்கத்தில் அந்தச் சாயத்தின் செய்முறை மறைந்துபோய், யூதர்கள் நூற்றாண்டுகளாக வெள்ளை நூலை மட்டுமே கட்டி வந்தார்கள். நீலம் இல்லாவிட்டாலும் வெள்ளை செல்லும் என்று தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூல் முன்பே சொல்லியிருந்தது. நீலம்தானே, நம்மிடம் இல்லாததா என்று எனக்குத் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து செனகலுக்குக் கப்பல் கப்பலாகப் போன 'கினே' துணி அவுரி நீலத்தில் தோய்த்ததுதான். பழைய தென்னார்க்காட்டில் அவுரி பெரும் பயிர். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் இலையை ஊறவைத்து, தொட்டியில் அடித்து, நீலக்கட்டி செய்கிறார்கள். ஆனால் அந்த அவுரி நீலமே தல்மூத் பெயர் சொல்லித் தடுக்கும் போலி. கலா இலான் எனப்படும் செடி நீலத்தைத் தோய்த்துவிட்டு, இது தெகேலத் என்று சொல்பவனை இறைவனே தண்டிப்பான் என்கிறது அது. போலியைக் கண்டுபிடிக்க வெந்தயச் சாறு உள்ளிட்ட சிலவற்றைக் கலந்து, நூலை இரவு முழுவதும் ஊறவைத்து, நிறம் மங்குகிறதா என்று பார்க்கும் சோதனையையும் விவரிக்கிறது.

வேதியியல் இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்குகிறது. 1880களில் போலந்தின் ராட்சின் ஊரைச் சேர்ந்த ரப்பி கெர்ஷோன் ஹெனோக் லைனர், கணவாய் மீனின் மையிலிருந்து நீலம் செய்து ஆயிரக்கணக்கானோருக்கு வழங்கினார். பின்னாளில் இஸ்ரேலின் தலைமை ரப்பியான ஐசக் ஹெர்ட்சோக், லண்டன் பல்கலைக்கழகத்துக்கு 1913இல் அளித்த ஆய்வுக்காக அதைச் சோதிக்கச் செய்தபோது, அது பிரஷ்ய நீலம் என்று தெரிந்தது. சேர்த்த இரும்புத்தூளிலிருந்தும் பிற வேதிப்பொருள்களிலிருந்தும் பிறந்த நிறம், கணவாய்க்கென்று அதில் தனிப்பங்கு இல்லை. மியூரெக்ஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு கடல் நத்தையே பொருத்தமானது என்ற கருத்துக்கு ஒரு தடை இருந்தது: அதன் சாயம் ஊதாவாக வந்தது. 1980களில் இஸ்ரேலின் ஷென்கார் கல்லூரியைச் சேர்ந்த ஓட்டோ எல்ஸ்னர், சாயக்கரைசல் நிறமிழந்த நிலையில் வெயில் பட்டால் அதிலுள்ள புரோமின் கழன்று தூய நீலம் கிடைப்பதைக் கண்டார். அப்படிக் கிடைக்கும் நீலம் எது தெரியுமா? இண்டிகோட்டின், அதாவது நம் அவுரியில் இருக்கும் அதே மூலக்கூறு. திண்டிவனத்து நீலத்தையும் நத்தை நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும். ஆகவே தெகேலத் வாங்குபவர் விற்பவரின் வாய்ச்சொல்லையும் சான்றையும் நம்பித்தான் வாங்குகிறார். துணிச்சந்தையில் இவ்வளவு முழுமையாக நம்பிக்கையின்மேல் நிற்கும் வேறொரு சரக்கு எனக்குத் தெரியாது.

தெகேலத் எடுப்பது என்றால் இன்னொரு முடிவும் உண்டு. மூலையில் தொங்கும் எட்டு நூல்களில் எத்தனை நீலம்? இடைக்காலச் சட்ட அறிஞர்கள் மூவரில் மைமோனிடிஸ் ஒன்று என்கிறார், ஆபிரகாம் பென் தாவீது இரண்டு என்கிறார், ராஷி நான்கு என்கிறார். அம்மையாருக்கு நீலத்தின்மேல் ஆசை இருந்தது. தாத்தா மறுத்துவிட்டார்: அவர் தந்தையும் பாட்டனும் வெள்ளையில் தொழுதவர்கள். குடும்ப வழக்கத்தோடு சான்றுகள் வாதாடுவதில்லை என்பதால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்தத் தாத்தா ஸ்திராஸ்பூரிலிருந்து மார்கழியில் வந்தார். அல்சாஸ் பகுதி யூதர்களிடம் சிறுவர்களும் தல்லித் போர்த்தும் வழக்கம் உண்டு; கிழக்கு ஐரோப்பிய வழியினர் பலர் திருமணத்துக்குப் பிறகே போர்த்துவார்கள். யூதரல்லாதவர் கட்டிய தொங்கல் செல்லாது என்பதால், நானோ மாமாவோ தையற்காரரோ அந்த வேலையில் கை வைக்க முடியாது. கடையின் வெட்டுமேசைமேல் சால்வையை விரித்து, எங்கள் இரும்பு மீட்டர்க் கோலை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு, தம் கட்டைவிரலாலேயே துளையின் இடத்தைச் சரிபார்த்தார். விளிம்பிலிருந்து மூன்று கட்டைவிரல் அகலத்துக்கு மேல் உள்ளே போகக்கூடாது, கட்டைவிரலின் நுனி மூட்டளவைவிட விளிம்பை நெருங்கவும் கூடாது. பிறகு, இந்தக் கடமைக்காகச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மூன்று சம நூல்களையும் நீளமான ஒன்றையும் சேர்த்துத் துளையில் பாதிவரை இழுத்தார், நான்கு எட்டாயிற்று. இரட்டை முடிச்சு. நீளமான நூலால் மற்ற ஏழையும் சுற்றி 7 சுற்று, முடிச்சு, 8 சுற்று, முடிச்சு, 11, முடிச்சு, 13, கடைசி முடிச்சு. பையன் பக்கத்தில் நின்று பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றி எண்ணினான். ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் கீழ்நோக்கித் தள்ளி நெருக்கியதால், சுற்றிய பகுதி ஒரு பங்கும் தொங்கும் பகுதி இரண்டு பங்குமாக அளவு சரியாக அமைந்தது. செபார்டிகள் பலர் 10, 5, 6, 5 என்று சுற்றுகிறார்கள். இறைவனின் திருப்பெயருடைய நான்கு எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பு அது. அஷ்கெனாசிகளின் மொத்தச் சுற்றான 39க்கும், இறைவன் ஒருவனே என்ற தொடருக்கும் அதே வகை எண் உறவு உண்டு. ட்சிட்சித் என்ற சொல்லின் மதிப்பு 600, நூல் 8, முடிச்சு 5, கூட்டினால் 613. வேதக் கட்டளைகளின் மரபான எண்ணிக்கை அதுவே. தாத்தா இதைச் சொன்னபோது மாமா மனத்துக்குள் கூட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

இப்படி ஒன்றைக் கட்டி மாதிரிக்காகக் கடையில் தொங்கவிட விற்பீர்களா என்று தாத்தாவிடம் கேட்டேன். "துணி உங்களுடையது, முசியே, நூலோடு தர எனக்கு அனுமதி இல்லை" என்றார். தொங்கல் கட்டிய ஆடையை யூதரல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று தல்மூத்திலேயே விதி இருக்கிறதாம். அதை அணிந்து வருபவனை யூதன் என்று நம்பி வழித்துணையாகச் சேர்ந்து போகிறவனுக்குக் கெடுதல் நேரலாம் என்ற அச்சம் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கள்வர் பயம் மிகுந்த சாலைகளில் பயணம் செய்த காலத்து எச்சரிக்கை. எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. கடையில் இப்போது மாதிரிக்குத் தொங்குவது துளை மட்டும் போட்ட, நூலில்லாத சால்வை.

பராமரிப்பைப் பற்றிச் சில சொற்கள். பருத்தியைத் தண்ணீரில் துவைக்கலாம், கம்பளியை உலர்சலவைக்குத் தர வேண்டும். எதுவானாலும் துவைக்கும் முன் நான்கு மூலை நூல்களையும் தனித்தனியே சிறு துணிப்பைக்குள் இட்டுக் கட்டிவிட வேண்டும். சலவை இயந்திரத்துக்குள் அவிழ்ந்து சிக்கிய கம்பளி நூலைப் பிரிப்பதைவிடப் புதிதாகக் கட்டுவது எளிது. வெளுப்பு மருந்து கூடாது. நூல் அறுந்தால், எந்த இடத்தில் எத்தனை நூல் அறுந்தது என்பதைப் பொறுத்துச் செல்லுமா என்பது மாறும். அதை ரப்பியிடம்தான் கேட்க வேண்டும், துணிக்கடையில் கேட்கக்கூடாது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மடித்து வைத்த இடத்தில் மஞ்சள் படியும் என்பதால், பயன்படுத்தாத மாதங்களில் அவ்வப்போது எடுத்து வேறு மடிப்பில் மாற்றி வைப்பது நல்லது.

அந்தச் சால்வையைப் பார்த்துவிட்டு, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த வேறொரு குடும்பம் தங்கள் மகளுக்குக் கேட்டிருக்கிறது. வைதிக யூதப் பெண்கள் வழக்கமாகத் தல்லித் போர்த்துவதில்லை. சீர்திருத்தச் சபைகளில் பெண்கள் பலர் போர்த்துகிறார்கள். அவர்களுக்குப் பட்டு வேண்டும், மயில்கழுத்து நிறக் கோடு வேண்டும், சரிகை வேண்டாம். பட்டுக்குத் தடை எதுவும் இல்லை, கம்பளி நூலும் அதற்குச் செல்லும். முறுக்குப் பட்டு தோளில் வழுக்கும் என்பதால் கழுத்துப் பட்டையைப் பருத்தியில் வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். சான்று முத்திரையுள்ள நூல் பொட்டலத்தை அவர்களே வரவழைத்துவிட்டார்கள். பாவு இந்த வாரம் ஏறுகிறது.